மழலையர் இணைய வகுப்பு: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மூன்றரை வயது மகளை இணையவழி மழலையர் வகுப்பு ஒன்றில் சேர்த்து மூன்று மாதங்கள் ஆகின்றன. வாரம் இருமுறை ஆசிரியையுடன் நேரலை வகுப்பு, மற்ற நாட்களில் பதிவு செய்த காணொளிகள் என்பது ஏற்பாடு. நேரலையைத் தொடர்கிறோம், காணொளிகளை நிறுத்திவிட்டோம்.

ஒரு நாள் ஆசிரியை கரண்டி ஒன்றைக் காட்டி, "உங்க வீட்டுக் கரண்டியை எடுத்துட்டு வா கண்ணு" என்றார். மகள் ஓடிப் போய்த் திரும்பும் வரை அவர் பொறுமையாகக் காத்திருந்தார். அவள் கொண்டுவந்ததோ வடிகட்டி. "அட, இதுல ஓட்டை இருக்கே! தண்ணி நிக்குமா?" என்று அவள் கையிலிருந்ததையே அவர் பாடமாக்கிக்கொண்டார். இருவரும் ஒரே பொருளைப் பார்ப்பதோடு, மற்றவரும் அதையே பார்க்கிறார் என்பதை இருவரும் உணர்ந்திருப்பதைத்தான் இணைந்த கவனம் என்கிறார்கள். முதல் வயது நிறையும் முன்பே அரும்பத் தொடங்கும் இத்திறன் சொற்களைக் கற்பதற்குப் பெருந்துணை.

குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பாட்ரீசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், சீனாவின் மாண்டரின் மொழியை 12 அமர்வுகளில் நேரில் கேட்ட 9 மாதக் குழந்தைகள் அதன் ஒலி வேறுபாட்டைக் கற்றார்கள். காணொளியில் கேட்டவர்கள் கற்கவில்லை. ஆனால் குற்றம் முழுவதும் திரையுடையது அன்று. குழந்தைக்கு ஏற்ப உடனுக்குடன் மறுமொழி தரும் காணொளி அழைப்பில் 24 முதல் 30 மாதக் குழந்தைகள் புதிய வினைச்சொற்களைக் கற்றதை 2014-இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது.

குறைகளும் உண்டு. எட்டுக் குழந்தைகள் கொண்ட குழுவில், ஆசிரியை பகிரும் படம் திரையை நிறைத்ததும் முகங்கள் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. மகள் தன் பொம்மை யானையை மூன்று முறை கேமராவுக்கு நேரே நீட்டினாள். ஆசிரியையின் கண்ணில் அது படவேயில்லை. நான்காம் முறை அவள் நீட்டவில்லை, பாயின் ஓரத்தைப் பிரிக்கத் தொடங்கிவிட்டாள். ஆசிரியை "அதோ பார்" என்று விரல் நீட்டினால், மூலையில் இருக்கும் அவருடைய சிறு கட்டத்திலிருந்து அந்த விரல் படத்தை நோக்கி வருவதில்லை. மகள் மடிக்கணினிக்குப் பின்னாலிருக்கும் சுவரைப் பார்க்கிறாள். படத்தின் மேலேயே ஒரு வட்டம் வரைந்து காட்டினால் போதும்.

பதிவுக் காணொளிகளில் ஒரு கிளி கேள்வி கேட்டு, சற்றே நிறுத்தி, "சபாஷ்!" என்கிறது. இரண்டாம் நாளே மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, நான் ஒண்ணுமே சொல்லலையே?" என்றாள். இரண்டு முதல் நான்கு வயது வரை திரைநேரம் நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அந்த ஒரு மணி நேரத்தில் கிளிக்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு மாற்றித் தருமாறு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் அடுத்த பருவத்துக்கும் பதிவு செய்வேன்.