வாடல் நோய் காலி செய்த குழியில் எந்தத் தென்னம்பிள்ளை வைப்பது?

எங்கள் தோப்பு கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் இருக்கிறது. வரி கட்டுவது கேரளத்தில், காய் போடுவது பொள்ளாச்சியில், வீட்டில் பேசுவது தமிழ். நாலு ஏக்கர், பெரும்பாலும் அப்பாரு வைத்த நெட்டை மரங்கள். போன கோடையில் முப்பத்தெட்டு மரங்களை வெட்டினோம். எல்லாம் வாடல்.

மலையாளத்தில் இதைக் காற்றுவீழ்ச்ச என்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரள வாடல் என்று பெயர். 1882 பெருவெள்ளத்துக்குப் பிறகு கோட்டயம் பக்கம் ஈராற்றுப்பேட்டையில் முதலில் கண்ணில் பட்ட நோய், நூறாண்டுகளில் மெல்ல நகர்ந்து செங்கோட்டை, கம்பம், பொள்ளாச்சி, ஆனைமலை என்று மலைக்கு இந்தப் பக்கமும் வந்துவிட்டது. மட்டையில் கீற்றுகள் உள்பக்கமாக வளைந்து, தூரத்தில் நின்று பார்த்தால் மாட்டின் விலா எலும்பு மாதிரி தெரியும். அப்புறம் அடி மட்டைகள் மஞ்சளாகும், கீற்றின் ஓரம் கருகும், குருத்து அழுகல் பின்னாலேயே வரும். மரம் சாகாது. அதுதான் கொடுமை. பத்துக் காய், எட்டுக் காய் என்று குறைந்துகொண்டே பல வருஷம் நிற்கும். நிற்கிற மரத்தை வெட்ட யாருக்கும் மனசு வராது. அது நிற்கிற வரை பக்கத்து மரத்துக்கு நோயைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

நோய்க்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். பாக்டீரியாவில் ஒரு வகை, ஆனால் செல்சுவர் கிடையாது. 1983இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகத்தான் இதை அடையாளம் கண்டார்கள். மரத்தில் உணவு ஓடுகிற குழாய்களுக்குள் குடியிருக்கிறது. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் சாறு உறிஞ்சும்போது இன்னொரு மரத்துக்குக் கடத்துகின்றன. ஆய்வகத் தட்டில் இதை வளர்க்க முடியாது. கோதுமையின் துரு நோய் மாதிரி நாற்றின் மேல் தெளித்து, பத்து நாளில் எது தாங்கியது என்று பார்க்கிற வழி இதில் இல்லை. நோய் கடுமையாக இருக்கிற ஊரில் மரத்தை நட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்துதான் எதிர்ப்புத் திறனைச் சொல்ல வேண்டும். தென்னை ஆராய்ச்சி ஏன் ஆமை வேகம் என்று கோபப்படுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, குழி காலியாக இருக்கிறது. எதை வைப்பது? எங்கள் முன்னால் இருந்த தேர்வுகள் நான்கு: நம் தோப்பிலேயே தாக்குப்பிடித்து நிற்கிற நெட்டை மரத்தின் நெற்று, காசர்கோட்டு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட மூன்று ரகங்களான கல்பஸ்ரீ, கல்பரக்ஷா, கல்ப சங்கரா. மூன்றுமே அந்த நிறுவனத்தின் காயங்குளம் நிலையம் நோய்ப் பகுதியில் வைத்துத் தேர்ந்தவை. சந்தையில் "ஒட்டு" என்று பொதுவாக விற்கிற நெட்டை-குட்டைக் கலப்புக் கன்றுகளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. வாடலுக்கு அவை எப்படி நிற்கும் என்று விற்கிறவருக்கே தெரியாது.

நம்ம நெட்டை

கிணற்று மூலையில் ஒரு மரம் இருக்கிறது. சுற்றிலும் ஏழு மரம் வாடி விழுந்தும் அது மட்டும் கரும்பச்சையாக, பாளைக்குப் பாளை காயோடு நிற்கிறது. மாமா அடித்துச் சொன்னார்: "மாப்ளே, ஊரெல்லாம் தேடாதே. அந்த மரத்து நெற்றை எடுத்துப் பதியன் போடு. அது தாயைப் போலத்தான் வரும்."

மாமாவின் கண் தப்பான கண் அல்ல. இப்படி நோய்க்காட்டில் தப்பி நிற்கிற மரங்களைத் தேடித்தான் காயங்குளத்து ஆராய்ச்சியே தொடங்கியது. ஆனால் "தாயைப் போல" என்ற இடத்தில்தான் நெட்டையின் பிறவிக் குணம் குறுக்கே வருகிறது. நெட்டையில் ஒரு பாளையின் ஆண் பூக்கள் உதிர்ந்து முடிந்த பிறகுதான் அதே பாளையின் பெண் பூக்கள் மகரந்தம் ஏற்கத் தயாராகும். அதனால் தன் மகரந்தம் தனக்குப் பெரும்பாலும் உதவாது, பக்கத்து மரத்துடையதுதான். கிணற்று மூலை மரத்துக் காயின் தகப்பன், சுற்றியிருந்த வாடல் மரங்களில் ஏதோ ஒன்றாக இருக்கலாம். தாயின் பாதி நிச்சயம், மீதிப் பாதி காற்றும் தேனீயும் கொண்டுவந்தது.

இன்னொன்று, அந்த மரம் நிஜமாகவே தாங்குகிறதா, இல்லை இன்னும் பூச்சி வந்து கடிக்கவில்லையா என்பது வெளியில் தெரியாது. அறிகுறி வருவதற்கு முன்பே நோயைக் கண்டுபிடிக்க ஓலையை வைத்துச் செய்யும் சீரம் பரிசோதனை இருக்கிறது. தாய்மரம் தேர்ந்தெடுக்கும்போது அதைச் செய்கிறார்கள். அது இல்லாமல் நெற்று எடுப்பது சீட்டுப் போடுவது மாதிரி. காய்ப்புக்கு ஆறேழு வருஷம் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் வறட்சியைத் தாங்குவதில் நெட்டைக்கு நிகர் கிடையாது. இந்தப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பங்குனி, சித்திரையில் தண்ணீர் இல்லாமல் நின்ற அனுபவம் அதற்குத்தான் இருக்கிறது.

கல்பஸ்ரீ

சாவக்காடு பச்சைக் குட்டையிலிருந்து தேர்ந்தெடுத்தது. குட்டையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே நேரத்தில் விரிவதால் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்கும். தாயின் குணம் பிள்ளையில் அப்படியே வரும் என்று மாமா சொன்னது இந்த மரத்துக்குத்தான் பொருந்தும். வாடல் எதிர்ப்பிலும் இந்த வம்சம்தான் அடித்தளம். 2020இல் இதே சாவக்காடு பச்சைக் குட்டையின் முழு மரபணுத் தொகுதியையும் காசர்கோட்டு ஆராய்ச்சியாளர்கள் வாசித்து வெளியிட்டதற்கும் அந்த எதிர்ப்புத் திறன்தான் காரணம்.

மூன்று வருஷத்தில் பாளை வரும். ஏறி இறங்கச் சிரமம் இல்லை. வீட்டுப் பின்புறத்தில் இரண்டு மரம் வைக்க இதைவிட நல்லது கிடையாது. தோப்புக்கு? காய் சிறிசு. கொப்பரை ஒரு காய்க்கு நூறு கிராமுக்கும் கீழே. எடை போட்டு விற்கிற எங்களுக்கு அது கட்டாது. தண்ணீர் தவறினால் முதலில் வாடுவதும் குட்டைதான்.

கல்பரக்ஷா

மலேயப் பச்சைக் குட்டையிலிருந்து தேர்ந்தது. முழுக் குட்டையும் இல்லை, நெட்டையும் இல்லை, இடைப்பட்ட உயரம். நோய்ப் பகுதியில் மரத்துக்கு வருஷம் 65 காய் அளவில் சொல்கிறார்கள். கொப்பரை காய்க்கு 185 கிராம் அளவு. அதாவது காய் குறைவு, ஆனால் கனமான காய். இளநீர் நல்ல இனிப்பு. பொள்ளாச்சி இளநீர் லாரிக்குக் கொடுக்கிறவர்களுக்கு இது யோசிக்க வேண்டிய மரம்.

எனக்குத் தயக்கம் தந்தது வேறொன்று. 2016இல் பொள்ளாச்சியில் முதன்முதலாகத் தலைகாட்டிய ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ குட்டை ரகங்களில்தான் அதிகமாக மொய்க்கிறது. எங்கள் வேலியோரத்துச் செவ்விளநீர்க் குட்டை மரங்களின் மட்டைகள் கரும்பூசணம் படிந்து அடுப்புச் சட்டி மாதிரி ஆனதைப் பார்த்தவன் நான். மலேயக் குட்டை ரத்தம் உள்ள மரத்தை வரிசையாக வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இதை என் தோப்பின் அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈ அவ்வளவாக இல்லாத இடத்தில் என் முடிவு வேறாக இருந்திருக்கும்.

கல்ப சங்கரா

சாவக்காடு பச்சைக் குட்டை தாய், மேற்குக் கடற்கரை நெட்டை தகப்பன். எதிர்ப்புக் குணம் தாயிடமிருந்து, காயின் கனமும் மரத்தின் உரமும் தகப்பனிடமிருந்து வரட்டும் என்று சேர்த்த கலப்பு. நெட்டையையும் குட்டையையும் சேர்த்தால் பிள்ளை இரண்டையும் மிஞ்சும் என்ற கண்டுபிடிப்பே மலபாரில் பிறந்ததுதான். 1930களில் நீலேஸ்வரம் நிலையத்தில் ஜே. எஸ். பட்டேல் செய்த கலப்புகள் உலகத் தென்னை ஆராய்ச்சிக்கே தொடக்கப் புள்ளி.

நோய்ப் பகுதியிலேயே மரத்துக்கு வருஷம் 84 காய் அளவு, காய்க்கு 170 கிராம் கொப்பரை. பெருக்கிப் பாருங்கள்: மரத்துக்கு 14 கிலோவுக்குச் சற்று மேல். கல்பரக்ஷாவுக்கு அதே கணக்கில் 12 கிலோ. கல்பஸ்ரீ அதே 84 காய் காய்த்தாலும் எட்டரைக் கிலோவைத் தாண்டாது. இவை ஆராய்ச்சி நிலையத்துப் பராமரிப்பில் வந்த எண்கள். நம் வயலில் அப்படியே வராது. ஒன்றுக்கொன்று விகிதம் பார்க்க மட்டும் உதவும்.

கள் இறக்குகிறவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கேரளத்தின் பல மாவட்டக் கடைகளுக்குச் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான் கள் போகிறது. நாலைந்து வருஷத்தில் பாளை விட்டு, உயரமும் அதிகம் போகாத கலப்பு மரம் ஏறுகிறவருக்கு ஆறுதல். மாமாவின் முகம் கொஞ்சம் இளகியது இந்த இடத்தில்தான்.

கல்ப சங்கராவில் பயப்பட வேண்டிய இடம் நாற்று. கலப்பு நாற்று உண்டாக்க, தாய்க் குட்டையின் பாளை விரிந்ததும் ஆண் பூக்கள் அத்தனையையும் நீக்கிவிட்டு, நெட்டையின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். கை அசந்தால் குட்டை தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். தாய் செவ்விளநீர்க் குட்டையாக இருந்தால் கள்ளத்தைக் கண்ணாலேயே பிடிக்கலாம்: தன் மகரந்தத்தில் வந்த நாற்றின் காம்பு ஆரஞ்சாக இருக்கும், கலப்பு நாற்றின் காம்பு பழுப்பாகவோ பச்சையாகவோ வரும். பச்சைக் குட்டை தாயாக இருக்கும்போது இந்த வசதி போய்விடுகிறது. இதுவும் பச்சை, அதுவும் பச்சையாக வரலாம். காம்பு பழுப்பாக இருந்தால் கலப்பு என்று தைரியமாகச் சொல்லலாம். பச்சையாக இருந்தால் நாற்றின் வீச்சையும் தண்டின் பருமனையும் பார்த்து ஊகிக்க வேண்டும். உறுதியாகச் சொல்ல டிஎன்ஏ குறியீட்டுப் பரிசோதனை உண்டு. அதைக் கட்டுப்படியாகும் விலையில் நாற்றுப்பண்ணை அளவுக்குக் கொண்டுவந்தால் எல்லையோரத் தோப்புகளுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது என்று நினைக்கிறேன்.

இதைச் சும்மா சொல்லவில்லை. எட்டு வருஷம் முன்பு ஒரு நாற்றுப்பண்ணையில் ஒட்டு என்று சொல்லி இருபது கன்று வாங்கினோம். தாய்மரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. காய்ப்புக்கு வந்தபோது ஏழு மரம் அசல் குட்டை. மீதியில் நான்கு இப்போது விலா காட்டுகின்றன. தென்னையில் தவறு தெரியவே ஐந்து வருஷம் ஆகும். அந்த ஐந்து வருஷத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

மண்ணும் தண்ணியும்

காயங்குளம் இருப்பது ஓணாட்டுக்கரை மணல் பூமியில், நல்ல மழைப் பகுதியில். இங்கே கிழக்குச் சித்தூரில் பல இடம் கரிசல், மழை குறைவு. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். ஆனால் வாய்க்கால் கடைமடைக்கு அது வந்து சேரும் நாள்களை எண்ணிவிடலாம். அங்கே தேர்ந்த மரம் இங்கே அதே மாதிரி நிற்குமா என்ற கேள்வி நியாயமானது. பாதிக் குட்டை ரத்தம் உள்ள கல்ப சங்கராவுக்கு முதல் மூன்று கோடை சொட்டுநீர் கட்டாயம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

எதிர்ப்பு ரகம் என்றால் நோயே வராது என்று அர்த்தம் கிடையாது. நூற்றில் சில மரத்துக்கு வரும். அதனால் எந்த ரகம் வைத்தாலும் வருஷம் பத்துக் காய்கூடத் தராத வாடல் மரத்தை எடுத்துவிட வேண்டும், வட்டப்பாத்தியில் தட்டைப்பயறு விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழ வேண்டும், வழக்கமான உரத்தோடு மெக்னீசியம் சல்பேட்டும் சேர்க்க வேண்டும். குருத்து அழுகலுக்கு 2 மில்லி ஹெக்ஸகோனசோலை 300 மில்லி தண்ணீரில் கலந்து குருத்தைச் சுற்றி ஊற்றினால் கேட்கும். வாடலுக்கென்று மருந்து எதுவும் கிடையாது. வேரில் கட்டுகிற பாக்கெட், ஊசி என்று யார் கொண்டுவந்தாலும் கதவைச் சாத்துங்கள்.

முப்பத்தெட்டுக் குழியில் என் பங்கீடு இது. வாய்க்காலை ஒட்டிய இருபத்தாறுக்குக் கல்ப சங்கரா, பழுப்புக் காம்பு நாற்றாகப் பொறுக்கி எடுத்தது. கிருஷி பவன் என்கிற கேரள வேளாண் அலுவலகத்தில் பெயர் எழுதி வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். வீட்டுப் பக்கம் நாலு கல்பஸ்ரீ. மேட்டுப் பக்கத்து எட்டுக் குழிகளை இன்னும் மூடவில்லை. கிணற்று மூலை மரத்தின் ஓலையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். நோய் இல்லை என்று வந்தால், அடுத்த பாளை விரியும்போது ஆண் பூவைக் கிள்ளிவிட்டு, பெண் பூ மலரும் நேரத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் மாமா தோப்பில் இதே மாதிரி தப்பி நிற்கிற இன்னொரு நெட்டையின் மகரந்தத்தைத் தூவுவதாகத் திட்டம். அந்த மரத்தையும் பரிசோதிக்க வேண்டும். மரம் ஏற மாமா ஆள் சொல்லிவிட்டார். பெண் பூக்களைக் கட்ட மெல்லிய துணிப்பையை அத்தை தைத்து வைத்திருக்கிறார்.