நிக்கோட்டின் கம், பேட்ச், சப்பும் மாத்திரை: காப்பிக்கடைப் பழக்கக்காரர்களுக்கு எது தேறும்?

சிகரெட்டை விட்ட முதல் வாரத்தில் இரண்டு தனித்தனித் தொல்லைகள் வரும். ஒன்று, நாள் முழுக்க அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் சிடுசிடுப்பு. யார் பேசினாலும் சுள்ளென்று விழச் சொல்லும், வேலையில் மனம் நிற்காது, காரணமே இல்லாமல் சோர்வு தட்டும். மற்றது, சாப்பிட்டுக் கை கழுவியதும், பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் திடீரென்று வந்து சில நிமிடம் ஆட்டிவைத்துவிட்டுப் போகும் ஏக்கம். மருந்தகத்தில் கிடைக்கும் நிக்கோட்டின் பொருள்களை இந்தக் கணக்கை வைத்துத்தான் எடைபோட வேண்டும். சிடுசிடுப்புக்கு, தோலில் ஒட்டும் பேட்ச். திடீர் ஏக்கத்துக்கு கம்மோ சப்பும் மாத்திரையோ. ஒன்றை மட்டும் வாங்கி இரண்டு வேலையும் வாங்கப் பார்க்கிறவர்கள்தான் “இதெல்லாம் சும்மா காசு பிடுங்குற வேலைண்ணே” என்று பாதிப் பெட்டியோடு நிறுத்திவிடுகிறார்கள். பேட்சோடு கம் அல்லது மாத்திரையைச் சேர்ப்பது, ஒன்றை மட்டும் நம்புவதைவிட நன்றாகப் பலன் தருகிறது என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம்.

முதலில் கம். மூன்றில் அதிகம் திட்டு வாங்குவது இதுதான்.

சிங்கப்பூரில் சூயிங் கம் விற்க 1992 முதல் தடை. அமெரிக்காவுடன் செய்த வர்த்தக உடன்பாட்டை ஒட்டி 2004ல் மருத்துவப் பயனுள்ள கம்முக்கு மட்டும் வழி விட்டார்கள். ஆக, இங்கே கம் என்றால் பலருக்கு ஜொகூர் போனபோது வாங்கிய இனிப்புக் கம்தான் நினைவு. அதே மாதிரி இதையும் போட்டுக் கடகடவென்று மெல்லுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் தொண்டை எரியும், விக்கல் எடுக்கும், நெஞ்சு கரிக்கும், குமட்டும். பழி கம்மின் மேல் விழுகிறது. உண்மையில் நடந்தது வேறு: வேகமாக மென்றதில் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விட்டது. அங்கே போனதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். பலனும் குறைவு, வயிறும் புண்.

இது கன்னத்தின் உட்தோல் வழியாக ரத்தத்துக்குப் போக வேண்டிய மருந்து. மெதுவாக மெல்லுங்கள். மிளகு கடித்தது போலச் சுருக்கென்று ஒரு காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். ஒரு நிமிடம் போல அப்படியே இருக்கட்டும். சுருக்கு அடங்கியதும் மறுபடி இரண்டு மூன்று மெல்லு, பிறகு அடுத்த கன்னத்தில் ஒதுக்கு. இப்படியே அரை மணி நேரம். எத்தனை மென்றாலும் காரம் வரவில்லை என்றால் அந்தத் துண்டு முடிந்தது, துப்பிவிடலாம். காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். குழந்தை கைக்கும் பூனை வாய்க்கும் எட்டக்கூடாது, மென்ற துண்டிலும் மருந்து மிச்சம் இருக்கும்.

அடுத்த சிக்கல் நம் ஊர்ச் சிக்கல்: காப்பி. வாய் புளித்திருந்தால் நிக்கோட்டின் தோலைக் கடக்காது. காப்பி, ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சைச் சாறு, கோலா எல்லாமே வாயைப் புளிப்பாக்குபவை. கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிலிருந்து, அது வாயில் இருக்கும் வரை, தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. காப்பிக்கடையில் ஒரு கையில் கோப்பி, வாயில் கம் என்று உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கம் வெறும் ரப்பர். சரியான வரிசை: சாப்பாடு, கோப்பி, ஒரு மிடறு தண்ணீர் விட்டு வாய் கொப்பளிப்பு, கால் மணி நேரம், பிறகு கம். அந்தக் கால் மணி நேரத்தைக் காப்பிக்கடையிலேயே கழிக்கக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 முதல் காப்பிக்கடைகளுக்குப் புதிய புகைபிடிக்கும் மூலை அனுமதிப்பதில்லை என்றாலும், பழைய மூலைகள் இன்னும் சிலவற்றில் இருக்கின்றன. “ஒண்ணே ஒண்ணு அடிச்சுட்டுப் போவோம் தம்பி” என்ற குரல் வருவது அந்த மேசையிலிருந்துதான்.

அளவு விஷயம். கம் 2 மி.கி., 4 மி.கி. என இரண்டு வகை. தூங்கி எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறவர் 4 மி.கி. வாங்க வேண்டும். அதற்குப் பிறகு பற்றவைக்கிறவருக்கு 2 போதும். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்பதைவிட இந்தக் கேள்வி துல்லியமானது, ஏனென்றால் இரவு முழுக்க இறங்கிய நிக்கோட்டின் அளவை உடம்பு எவ்வளவு பொறுக்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது. ஒரு 2 மி.கி. துண்டிலிருந்து ரத்தத்துக்குப் போவது ஏறக்குறைய பாதிதான். ஒரு சிகரெட் தருவதற்கு அது ஈடாகாது. முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்குக் குறைந்தது ஒன்பது என்பதே வழக்கமான பரிந்துரை. பலரும் நாளுக்கு மூன்று நான்கோடு நிறுத்தி, மிச்சத்தை மனஉறுதியால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். அதிகபட்ச அளவைப் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள், அதைத் தாண்ட வேண்டாம்.

கம்முக்கு உள்ள நிஜமான குறை அதன் வேகம். இழுத்த புகை சில நொடிகளில் மூளையைத் தொடும். கம் உச்சத்துக்கு வர 20, 30 நிமிடம் எடுக்கும். ஏக்கமோ அதற்குள் வந்து போய்விடும். ஆகவே ஏக்கம் வந்தபின் தேடி எடுப்பது பாதிப் பயன்தான். வழக்கமாக வரும் நேரம் தெரியும் அல்லவா, அதற்குக் கால் மணி முன்னால் போடுங்கள். வேலை முடியும் நேரம், ரயிலை விட்டு இறங்கும் நேரம், வீட்டில் சண்டை வரும் நேரம் என்று ஆளுக்கு ஆள் மாறும். சொருகு பல் வைத்தவர்களுக்கும் பல்லில் கம்பி கட்டியவர்களுக்கும் கம் ஒட்டிக்கொண்டு படுத்தும், அவர்களுக்கு மாத்திரைதான்.

சப்பும் மாத்திரை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதே 30 நிமிடக் கேள்வி, அதே காப்பி விதி. கடிக்கவும் கூடாது, விழுங்கவும் கூடாது, அவ்வப்போது கன்னம் மாற்றி 20, 30 நிமிடம் கரைய விட வேண்டும். கூட்டத்தில், வாடிக்கையாளர் முன்னால், தொலைபேசியில் பேசும் வேலையில் இருப்பவர்களுக்குக் கம்மைவிட இது நாகரிகம். புதினாச் சுவை சீக்கிரம் அலுத்துப்போகும்.

பேட்ச் வேறு ரகம். ஒட்டிய சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஒரு மட்டத்துக்கு வந்து அங்கேயே நிற்கிறது. சிகரெட்காரரின் ஒரு நாள் இப்படி இல்லை. நிக்கோட்டினில் பாதி சுமார் இரண்டு மணி நேரத்தில் உடம்பை விட்டு இறங்கிவிடும். இறங்கும்போது வரும் எரிச்சலை அடுத்த சிகரெட் தணிக்கும். ‘தம் அடிச்சாத்தான் டென்ஷன் குறையுது’ என்பது, முந்தைய தம் உண்டாக்கிய டென்ஷனைப் பற்றிய பேச்சுதான். பேட்ச் அந்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துகிறது. கோபமும் சோர்வும்தான் முதல் பிரச்சினை என்கிறவர் இதிலிருந்து தொடங்கலாம்.

24 மணி நேர வகையில் 21, 14, 7 மி.கி. என மூன்று படி. 16 மணி நேர வகையில் 25, 15, 10. நாளுக்குப் பத்துக்கு மேல் புகைத்தவர் பொதுவாக மேல்படியில் தொடங்கி, மொத்தம் 8 முதல் 12 வாரத்தில் இறங்குவார். எந்தப் படியில் எத்தனை வாரம் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். நிக்கோட்டினெல் என்ற பிராண்டின் பெட்டியில் ‘டிடிஎஸ் 30’ என்றிருந்தால் அது 30 மி.கி. அல்ல. 30 சதுர செ.மீ. பரப்பு என்று பொருள், தருவது நாளுக்கு 21 மி.கி. ‘30 ரொம்பக் கூடுதல், 10 எடுப்போம்’ என்று எடுத்தவர் கையில் இருப்பது வெறும் 7 மி.கி. மூன்றாம் நாளே கண் சிவந்து நிற்பார்.

இரவில் ஒட்டியபடி தூங்கினால் சினிமா போலக் கனவு வரும், சிலருக்குத் தூக்கமே கலையும். அப்படியானால் படுக்கும்முன் கழற்றிவிடலாம், அல்லது 16 மணி நேர வகைக்கு மாறலாம். ஆனால் அதற்கு விலை உண்டு: காலையில் எழும்போது அளவு தரைமட்டத்தில் இருக்கும். எழுந்ததும் முதலில் கை போவது சிகரெட்டுக்கு என்றால், கனவைச் சகித்துக்கொண்டு 24 மணி நேர வகையில் இருப்பது நல்லது. இல்லையென்றால் எழுந்தவுடன் புதுப் பேட்சும் ஒரு மாத்திரையும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் பேட்ச் ஓரம் பிரிந்து சுருண்டு வருவது பொதுவான புகார். பெரும்பாலும் ஒட்டும் முறையில்தான் கோளாறு. குளித்து முழுதாகத் துவட்டி, மின்விசிறிக்குக் கீழ் சிறிது நேரம் நின்று, முடியில்லாத மேல்கையிலோ இடுப்பிலோ ஒட்டி, உள்ளங்கையால் பத்து நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். தேங்காயெண்ணெய், பவுடர், லோஷன் எதுவும் அந்த இடத்தில் இருக்கக்கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு ஒட்டுங்கள். தினமும் இடம் மாற்றுங்கள், ஒரே இடத்துக்கு ஒரு வாரம் விடுமுறை. ஒட்டிய முதல் ஒரு மணி நேரம் லேசாக அரித்தால் பரவாயில்லை, தடித்துச் சிவந்தால் கழற்றி மருந்தாளரிடம் காட்ட வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் முன்னரே கழற்றிவிட வேண்டும். சில வகைகளில் உலோகத் தாள் இருப்பதால் தோல் சுட்டுவிடும். பேட்ச் மேல் இருக்கும்போது ஒரு சிகரெட் நழுவிவிட்டால் பதறிப் பிய்த்தெறியத் தேவையில்லை. அதை அப்படியே தொடர்வதுதான் அடுத்த சிகரெட்டைத் தடுக்கும். தலைசுற்றல், குமட்டல், குளிர்ந்த வியர்வை, படபடப்பு சேர்ந்து வந்தால் மட்டும் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்: கழற்றுங்கள். கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

எந்தப் பெட்டியும் பெரிய எழுத்தில் சொல்லாத ஒன்று இருக்கிறது. புகையில் உள்ள வேறு ரசாயனங்கள் காப்பியின் கஃபைனைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்துவைத்திருக்கும். புகை நின்ற சில நாளில் அந்த வேகம் குறைந்துவிடுகிறது. குடிப்பது அதே மூன்று கோப்பி, ரத்தத்தில் நிற்பது இரட்டிப்பு. கை நடுக்கம், படபடப்பு, இரவில் விழித்துக் கிடப்பது எல்லாம் சிகரெட் இல்லாததால் என்று நினைத்து மறுபடி பற்றவைப்பவர்கள் நிறைய. இதைச் செய்வது நிக்கோட்டின் அல்ல, எனவே பேட்சும் கம்மும் இதைச் சரிசெய்யாது. காப்பியைப் பாதியாக்குங்கள்: மூன்று ‘கோப்பி ஓ’ குடித்தவர் ஒன்றை அப்படியே வைத்து, இன்னொன்றை ‘கோப்பி போ’ என்று இளசாகக் கேட்டு, மூன்றாவதை விட்டுவிடலாம். பிற்பகல் மூன்றுக்கு மேல் வேண்டாம். இதே காரணத்தால் சில மனநல மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறும். ஓலான்சபின், க்ளோசபின் எடுப்பவர்கள் புகையை நிறுத்தும் நாளை மருத்துவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வாய் நமநமப்புக்குத் தேக்காக் கடைகளில் கிடைக்கும் சோம்பு, கிராம்பு, ஏலக்காய் நல்ல துணை. சுக்கு மிட்டாய் பரவாயில்லை, சர்க்கரைதான் கவலை. பாக்கு மட்டும் வேண்டாம், புகையிலை சேராத பாக்கே வாய்ப்புற்றுக்குக் காரணம். மின்சிகரெட்டைக் கையில் வைத்திருப்பதே 2018 முதல் இங்கே குற்றம், அதை ‘விடுவதற்கு வழி’ என்று பரிந்துரைப்பவரை நம்ப வேண்டாம்.

கடைசியாக, காசு கேட்காத சேவை. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘ஐ குவிட்’ திட்டம் 28 நாள் கணக்கில் ஓடுகிறது. 28 நாள் புகைக்காமல் இருந்தால் ஒரேயடியாக விட்டுவிடும் வாய்ப்பு ஐந்து மடங்கு என்பது வாரியத்தின் வாசகம். அந்தக் கால அளவு பொருத்தமானது. எரிச்சலும் சோர்வும் முதல் வாரத்தில் உச்சம் தொட்டு, இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் இறங்கும். உதவி எண் 1800 438 2000. கூப்பிடும்முன் எழுந்தபின் முதல் சிகரெட் எப்போது, முன்பு விட்டபோது எந்த நாளில் எந்த இடத்தில் விழுந்தது, என்ன மருந்துகள் சாப்பிடுகிறீர்கள் என்ற மூன்றையும் குறித்து வையுங்கள். ‘எனக்கு மனஉறுதி இல்லை’ என்று தொடங்கினால் கிடைப்பது ஆறுதல், ‘பத்தாம் நாள் சம்பளத் தேதியில் பியரோடு விழுந்தேன்’ என்றால் கிடைப்பது திட்டம். பலதுறை மருந்தகங்களிலும் (பாலிகிளினிக்) புகைவிடும் ஆலோசனை உண்டு. மருத்துவர் சீட்டு தேவைப்படும் மருந்துகளுக்கு அங்கேதான் போக வேண்டும்.

சோர்வு இரண்டு வாரம் தாண்டியும் இறங்கத் தொடங்காமல் இருந்தாலோ, முன்பே மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தவராக இருந்தாலோ கம்மை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை, மருத்துவரைப் பாருங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் மனநல உதவி எண் 1771. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமே வந்தால் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767, எந்த நேரமும்.

முதல் முறை வாங்குபவருக்கு எங்கள் பரிந்துரை: பெரிய பெட்டி வேண்டாம். ஒரு வாரத்துக்கான பேட்சும் சிறிய பெட்டி மாத்திரையும். பெட்டி விலையைப் பார்த்து மலைக்காமல் ஒரு நாள் செலவைக் கணக்கிட்டு, ஒரு நாள் சிகரெட் செலவோடு ஒப்பிடுங்கள். கம்தான் பிடிக்கும் என்றால் அளவைக் குறைக்கும் காலத்தில், ஏழாவது வாரத்திலிருந்து இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, பத்தாவதிலிருந்து நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. இடையில் வாய் கேட்டால் சோம்பு. கடைசி இரண்டு மூன்று துண்டுகளை விட முடியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிபவர்கள் உண்டு. வைத்திருக்கட்டும். அவசரப்பட்டு அதைப் பிடுங்கினால் அந்தப் பையில் திரும்ப வருவது சிகரெட் பெட்டிதான்.