“இந்த வயசுல அதெல்லாம் வராதும்மா” என்று அனுப்பிவிட்டால் நம்பிவிடாதீர்கள்

எனக்கு மாதவிடாய் தடம் மாறத் தொடங்கியது 38 வயதில். அதற்குப் பெயர் பெரிமெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்பதற்கு (மெனோபாஸ்) முந்தைய தடுமாற்றக் காலம் என்று ஒரு மருத்துவர் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு 41. நடுவில் போன மூன்று வருடத்தில் மூன்று மருத்துவர்கள், ஒரு ‘ஹார்மோன் சமநிலை’ நிலையம், ஒரு அலமாரித் தட்டு நிறையப் பொடி டப்பாக்கள். யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. அவர்கள் சொன்ன வார்த்தைகளை மட்டும் அப்படியே எழுதுகிறேன். நாளைக்கு உங்களிடமும் இதே வார்த்தைகளைச் சொல்வார்கள், அதனால்.

28, 29 நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது முதலில் 24 ஆனது, பிறகு 23. ஒரு மாதம் 36. மறுபடி 22. தள்ளிப்போனால்தான் நாம் பயப்படுவோம். சீக்கிரம் வந்தால் உடம்புச் சூடு, அலைச்சல் என்று விட்டுவிடுவோம். நானும் விட்டேன். ஆனால் பல பெண்களுக்கு முதல் அறிகுறியே இந்த நாள் குறைவதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

கூடவே வேறு சிலதும் வந்தன. ராத்திரி மூன்று மணிக்கு யாரோ உலுக்கி எழுப்பின மாதிரி விழிப்பு; நெஞ்சு படபடவென்று அடிக்கும், பிறகு விடியும்வரை தூக்கம் கிடையாது. இடது தோள் இறுகிப்போய், உள்ளாடைக் கொக்கியை மாட்டக் கை பின்னால் போகவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சாதாரணச் சொல் ஒன்று நாக்குக்கு வராமல் நிற்கும். எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது கோபம். ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கத்துவேன், கத்திவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுவேன். ஒருநாள் மகள் கதவுக்கு வெளியே நின்று, “அம்மா, நான் என்ன பண்ணினேன்?” என்று கேட்டாள். அன்றைக்குத்தான் மருத்துவரிடம் போக முடிவு செய்தேன்.

முதல் மருத்துவர் நிதானமாகத்தான் பேசினார். வேலை எப்படி, வீட்டில் பிரச்சினையா என்றெல்லாம் கேட்டார். மாதவிடாய்த் தேதிகளைக் கேட்கவில்லை. நானேதான், “மெனோபாஸ் ஆரம்பமா இருக்குமா டாக்டர்?” என்றேன். “உடம்பு திடீர்னு சூடாகி, குப்புனு வேர்க்குதா?” என்றார். இல்லை என்றேன், அப்போது உண்மையிலேயே இல்லை. “அப்ப அது இல்லம்மா. இந்த வயசுல அதெல்லாம் வராது. ஸ்ட்ரெஸ்தான்” என்று மனப்பதற்றத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த மாத்திரையைக் குறை சொல்லவில்லை. தேவைப்படுகிறவர்களுக்கு அது பெரிய துணை. அந்த வகையில் சில மருந்துகள் சூட்டையும் வேர்வையையும்கூடக் குறைக்கின்றன. என் குறை வேறு. உடம்பு சூடாகவில்லை என்ற ஒரே பதிலை வைத்து ஒரு வாசலையே மூடிவிட்டார். எல்லோருக்கும் சூடு முதலில் வருவதில்லை. எனக்கு அது வர இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது.

‘இந்த வயசுல வராது’ என்பதும் தவறு. பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் 45க்கும் 55க்கும் நடுவில் நிற்கிறது. 40க்கும் 45க்கும் நடுவில் நின்றால் அது முன்கூட்டிய மெனோபாஸ். 40க்கு முன்பே சினைப்பை தளர்ந்துபோகிறவர்களும் உண்டு. அதற்குத் தனிப் பெயரும் தனிச் சிகிச்சை முறையும் இருக்கின்றன. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்கு முந்தைய தடுமாற்றம் பல வருடம் இழுக்கும். அப்படியானால் 43இல் நிற்கப்போகிற ஒருத்திக்கு முப்பதுகளின் கடைசியிலேயே தொடங்கியிருக்கும் அல்லவா? இந்தக் கணக்கைப் போட மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை.

இரண்டாவது மருத்துவர் மகப்பேறு மருத்துவர். இவரிடம் நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

“சைக்கிளை ரெகுலர் பண்ணிடலாம்” என்று கருத்தடை மாத்திரை எழுதினார். எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. மாத்திரை போட்டதும் மாதாமாதம் சரியாக உதிரம் வந்தது. எனக்கும் நிம்மதிதான். அது மாத்திரையை இடையில் நிறுத்தும் நாட்களில் வருகிற உதிரம், சினைப்பை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. அதாவது, என் உடம்பு கொடுத்துக்கொண்டிருந்த ஒரே தெளிவான தடயத்தை அந்த மாத்திரை மூடிவிட்டது. மாத்திரை அறிகுறிகளைத் தணிக்கும், தெரிந்து கொடுத்தால் நல்ல சிகிச்சைதான். எனக்கு என்னவென்று பார்க்காமலே கொடுத்தார்.

40 முடிந்த சமயம், ராத்திரி வேர்வையும் தொடங்கிவிட்டது. பின்கழுத்து நனைந்து, தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுப்பேன். ஒரு மணி நேரத்தில் அந்தப் பக்கமும் ஈரம். திரும்பப் போய், ஹார்மோன் டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தேன். எஃப்எஸ்ஹெச் எழுதிக் கொடுத்தார். வந்த எண் 4.2. அந்த எண்ணுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, தாளை என் பக்கம் திருப்பி, “பாருங்க, நார்மல். நீங்களா எதையாவது படிச்சு மனசைக் குழப்பிக்காதீங்க” என்றார்.

நான் அப்போதும் தினமும் அதே கருத்தடை மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தேன். எழுதிக் கொடுத்தவரே அவர்தான்.

எஃப்எஸ்ஹெச் என்பது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பையை வேலை வாங்க அனுப்புகிற ஹார்மோன். சினைப்பை தளரத் தளர, அது இன்னும் அதிகமாக அனுப்பிப் பார்க்கும். அதனால்தான் எண் ஏறுகிறது. கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோன் ரத்தத்தில் இருக்கும்போது மூளை ‘போதுமான அளவு இருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு எஃப்எஸ்ஹெச்சைக் குறைத்துவிடும். ஆகவே மாத்திரை போடும்போது எடுத்த எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. மாத்திரை போடாதவர்களுக்கும் இந்தக் காலத்தில் அது வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். ஒரே ஒரு ‘நார்மல்’ ரிப்போர்ட்டை வைத்து இல்லை என்று சாதிக்க முடியாது. 45 தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனையே வேண்டாம், அறிகுறிகளையும் மாதவிடாய் மாற்றத்தையும் கேட்டே முடிவு செய்யலாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015இலேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது.

நடுவில் தோள்வலிக்கு ஒருவரிடம் போனேன். தோளை மட்டும் பார்த்தார். அவர் வேலை அது, சரி.

யாரும் நம்பாதபோது, நம்புகிறேன் என்று சொல்கிறவர்களிடம் போய் விழுவோம். நான் விழுந்தது அந்த ஹார்மோன் நிலையத்தில். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் ஒரு மணி நேரம் கேட்டார், நான் அழுதபோது டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். எச்சில் மாதிரி எடுத்தார்கள். வண்ணக் கோடுகளோடு இருபது பக்க அறிக்கை வந்தது. ‘எஸ்ட்ரோஜன் டாமினன்ஸ்’, அதாவது எஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மிஞ்சிப்போயிருக்கிறது என்றார்கள். ஆறு மாதப் பேக்கேஜ், முழுப் பணமும் முன்கூட்டியே. டப்பாவில் மூலிகைகளின் பெயர் இருந்தது, எது எத்தனை மில்லிகிராம் என்று இல்லை. மூன்றாம் மாதம், குணமே தெரியவில்லை என்றதும், “உங்க உடம்பு நச்சை வெளியேத்துது, அப்படித்தான் இருக்கும்” என்று அடுத்த பேக்கேஜைக் காட்டினார்கள். வெள்ளைக் கோட்டுக்காரர் மருத்துவரே இல்லை என்பது, கையெழுத்துக்குக் கீழே பட்டம் எதுவும் இல்லாததைப் பார்த்தபிறகுதான் உறைத்தது. பணம் திரும்பி வரவில்லை.

எச்சில் பரிசோதனையை வைத்து பெரிமெனோபாஸைக் கண்டுபிடிப்பதையோ சிகிச்சை அளவை முடிவு செய்வதையோ மெனோபாஸ் மருத்துவ அமைப்புகள் பரிந்துரைப்பதில்லை. மூலிகை என்றால் தீங்கில்லை என்றும் நினைக்காதீர்கள். இதற்கென்றே பரவலாக விற்கப்படும் பிளாக் கோஹோஷுக்குக் கல்லீரல் பாதிப்பு பற்றிய எச்சரிக்கை உண்டு. விழுங்குகிற எதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நான்காவது மருத்துவரிடம் போகும்போது ஒரு சின்ன நோட்டைக் கொண்டுபோனேன். இரண்டு வருடத் தேதிகளைப் பழைய காலண்டரிலிருந்தும் போனிலிருந்தும் தோண்டி எடுத்து, எத்தனை நாள் இடைவெளி என்று பக்கத்தில் எழுதியிருந்தேன். அவர் அதை வாங்கி, விரலால் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வந்தார். 23க்குப் பிறகு 36 வந்த இடத்தில் நிறுத்தினார். “அடுத்தடுத்த ரெண்டு சைக்கிளுக்கு நடுவுல 7 நாளுக்கு மேல வித்தியாசம், அதுவும் திரும்பத் திரும்ப. இதுக்கப்புறம் மாத்திரை ஆரம்பிச்சிருக்கீங்க. யாரும் இதைப் பார்க்கலையா?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தொண்டை அடைத்துவிட்டது.

“உங்க அம்மாவுக்கு எந்த வயசுல நின்னுச்சு?” என்று கேட்டார். இதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வராந்தாவுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். “எனக்கா? நாப்பத்திரெண்டுலயே நின்னுபோச்சே. நீ கேட்கவே இல்லையேடி” என்றாள். என் வயது அப்போது 41.

முதலில் வேறு எதுவும் இல்லை என்று பார்த்தார்: கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின், ரத்தசோகை, படபடப்புக்கு ஒரு ஈசிஜி. தைராய்டுக் கோளாறு கிட்டத்தட்ட இதே வேஷத்தில் வரும் என்றார். கருத்தடை மாத்திரையை நிறுத்தச் சொல்லி, வேறு கருத்தடை முறையைச் சொல்லி, இடைவெளி விட்டு எஃப்எஸ்ஹெச் எடுத்தார். ஐந்து வாரம் கழித்து இன்னொன்று. முதலாவது 34, இரண்டாவது 41. அந்தச் சமயத்தில் தொடர்ந்து 70 நாள் மாதவிடாய் வரவே இல்லை. எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் என் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவு.

எலும்பு என்றதும்தான் எனக்குக் கோபம் வந்தது. எஸ்ட்ரோஜன் சீக்கிரம் குறைந்தால் எலும்பும் இதயமும் சீக்கிரமே அதன் காவலை இழக்கின்றன. தூக்கத்தையும் கோபத்தையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருப்பேன். எலும்பு கரைவது வெளியே தெரியாது.

ஹார்மோன் சிகிச்சை என்றதும், இரண்டாவது மருத்துவர் ஒருமுறை “கேன்சர் வரும்” என்று ஒரே வார்த்தையில் முடித்தது நினைவுக்கு வந்து பயந்தேன். இவர் உட்கார வைத்து விளக்கினார். அந்தப் பயத்துக்கு முக்கியக் காரணம் 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு. அதில் சேர்ந்த பெண்கள் 50 முதல் 79 வயதுக்காரர்கள், சராசரி 63. 41 வயதில் எஸ்ட்ரோஜன் குறைகிறவளுக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. இயல்பாக நிற்கும் வயது வரைக்கும், உடம்பில் இருந்திருக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பதுதான் இது என்றார். எனக்குத் தோலில் ஒட்டும் எஸ்ட்ரோஜன் பட்டை. மாத்திரையைவிட அதில் ரத்தக்கட்டு ஆபத்து குறைவு. கர்ப்பப்பை இருப்பதால் புரோஜெஸ்டிரோனும் சேர்த்து. அது இல்லாமல் எஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் ஆபத்து. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. என் மருந்தைப் பார்த்து நீங்களாக எதையும் தொடங்காதீர்கள், போட்டுக்கொண்டிருப்பதை நிறுத்தவும் வேண்டாம்.

ஆறாவது வாரம் ஒரு நாள் கண்விழித்தபோது ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இரவு முழுக்கத் தூங்கியிருந்தேன். படுக்கையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். உதிரம் தொடங்கிய தேதி, எத்தனை நாள், எவ்வளவு, தூக்கம், வேர்வை, மனசு. அம்மாவிடமும் அக்காவிடமும் பெரியம்மா சித்திகளிடமும் எந்த வயதில் நின்றது என்று கேளுங்கள். புகை பிடிப்பது, கீமோதெரபி, இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு, சினைப்பை அறுவை சிகிச்சை, தன்னெதிர்ப்பு நோய் எதுவும் இருந்தால் முதல் வரியிலேயே சொல்லுங்கள். மருத்துவர் ‘ஸ்ட்ரெஸ்’ என்றால், “சரி டாக்டர், வேற என்னவெல்லாம் இல்லைனு பார்த்துட்டீங்க?” என்று கேளுங்கள். “அப்படின்னா நான் சொன்ன அறிகுறியையும், டெஸ்ட் வேண்டாம்னு சொன்னதுக்குக் காரணத்தையும் ஃபைல்ல எழுதிடுங்க” என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. எந்த ரத்தப் பரிசோதனைக்கு முன்னாலும், நீங்கள் என்ன மாத்திரையில் இருக்கிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். 40 தாண்டவில்லை, சில மாதமாக மாதவிடாய் வரவில்லை என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று, அளவுக்கு மீறிய உதிரப்போக்கையும், நடுவில் வருகிற, உறவுக்குப் பின் வருகிற உதிரத்தையும் பெரிமெனோபாஸ் என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.

போன மாதம் அந்த மகப்பேறு மருத்துவரிடமே போனேன். 4.2 ரிப்போர்ட்டையும் புது ரிப்போர்ட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். “இது பில்ஸ் போட்டுட்டிருக்கப்ப எடுத்ததா?” என்றார். “ஆமா டாக்டர், நீங்க எழுதிக் கொடுத்ததுதான்” என்றேன். மறுபடி தாளைப் பார்த்தாரே தவிர, எதுவும் சொல்லவில்லை. நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, நகல்களையும் இணைத்து நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மாதம் ஆகிறது, பதில் இன்னும் வரவில்லை.