சுருளை எடுப்பாக்கித் தருகிறோம் என்றார்கள்: 185 பவுண்ஸும் போனது, மகளின் சுருளும் போனது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தென் லண்டனில், ஆப்பிரிக்க முடிக்கென்றே நடத்துகிறோம் என்று சொல்லும் ஒரு சலூனில் போன சனிக்கிழமை 185 பவுண்ஸ் கொடுத்தேன். என் பத்து வயது மகளின் சுருளைத் தொலைத்துவிட்டு வீடு வந்தேன்.

நான் யாழ்ப்பாணம், அவர் கானா. மகளுக்கு அப்பாவின் முடி. 4சி என்பார்களே, அந்த வகை. காய்ந்தால் காதோடு சுருங்கி நிற்கும், இழுத்துப் பிடித்தால் தோளைத் தாண்டும். எங்கள் ஞாயிறு காலை முழுக்க அதற்குத்தான். நாலாகப் பிரித்து, கண்டிஷனர் போட்டு விரலால் சிக்கெடுத்து, அலசாமல் அப்படியே விடும் லீவ்-இன் கண்டிஷனர் தடவி, அப்புறம் ஷியா வெண்ணெய், அதன் மேல் ஆளி விதை காய்ச்சி வடித்த ஜெல். எல்லாம் மச்சாள் பழக்கியது. ஈரம் காயும் முன் சின்னச் சின்னப் பிடியாக எடுத்து வேரிலிருந்து நுனிவரை விரலால் வழித்துவிட்டால் சுருள் தனித்தனியாக எழுந்து வரும். முன்பக்கம் எனக்கு நன்றாக வரும். பின்பக்கம்தான் பஞ்சாகிவிடும். அடுத்த மாதம் மச்சாளின் கல்யாணம், மகள்தான் பூக்கூடை பிடிக்கிறாள். சரி, ஒரு தடவை கைதேர்ந்தவர்களிடம் போவோம் என்று நினைத்தேன்.

முன்பு இரண்டு சலூன்களில் "இந்த முடிக்கு எங்களிடம் ஆள் இல்லை" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இந்த நாட்டின் சிகையலங்காரப் பயிற்சித் தரங்களில் ஆப்பிரிக்க முடியைக் கட்டாயமாக்கியதே 2021இல்தான். அதனால், இந்தச் சலூன் பெண் மகளின் தலையில் கை வைத்து, "எவ்வளவு அழகான முடி! இதை மாற்றிக்கொள்ளாதே செல்லம்" என்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சிரித்தாள். அங்கேதான் நான் விழுந்தேன். கெமிக்கல் ஏதும் உண்டா என்று இரண்டு தடவை கேட்டேன். "ஜெல்லும் நீராவியும் மட்டும்தான்" என்றாள்.

பெயர் ஒட்டாத டப்பாவிலிருந்து வெள்ளைக் கிரீம் எடுத்தாள். கையுறை போட்டுக்கொண்டாள். ஜெல் பூச எதற்குக் கையுறை என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். "அம்மா, எரியுது" என்றாள் பிள்ளை. "புதினா சேர்த்திருக்கிறோம், அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. அலசும்போது நுரை இளஞ்சிவப்பாக வந்தது, மறுபடி அலசியதும் வெள்ளையானது. வாசனை ஷாம்பு என்று நினைத்துவிட்டேன்.

மச்சாளிடம் சொன்னதும் அவளுக்குக் குரலே மாறிவிட்டது. சுருள் முடியை நேராக்கப் போடும் கெமிக்கலான ரிலாக்ஸரின் காரத்தன்மை (ஆல்கலி) தலையில் மிச்சம் இருந்தால் நிறம் காட்டுகிற ஷாம்பு அது. ரிலாக்ஸரைக் கொஞ்ச நேரம் மட்டும் வைத்து எடுத்தால் டெக்ஸ்சரைசர் என்று பெயர். முடியைச் சுருட்டி வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அது அறுத்துவிடும், அறுந்தது அறுந்ததுதான். ஞாயிறு கழுவிப் பார்த்தேன். காதுவரை சுருங்க வேண்டிய முடி தோளில் நனைந்த நூல்போலத் தொங்கியது. பிள்ளை ஒன்றுமே பேசவில்லை.

திங்கள் அழைத்தேன். "இரண்டு தடவை கழுவினால் திரும்பிவிடும்" என்றார்கள். திரும்பவில்லை. செவ்வாய், "வீட்டில் நீங்கள் சூடு காட்டியிருப்பீர்கள்" என்றார்கள். என் வீட்டில் முடி நேராக்கும் கருவியே கிடையாது! டப்பாவில் என்ன இருந்தது என்று கேட்டதற்கு, "அது எங்கள் சொந்தக் கலவை, சொல்ல முடியாது." முதலாளி வெளிநாடு போயிருக்கிறாராம். கடைசியில் 20 பவுண்ஸ் கூப்பன் தருகிறோம் என்றார்கள். 185 பவுண்ஸ் வாங்கிவிட்டு 20 பவுண்ஸ் கூப்பன், அதுவும் அதே நாற்காலியில் மறுபடி உட்காருவதற்கு!

புது முடி மாதம் ஒரு செ.மீ. அளவில்தான் வளரும். பழையதும் புதியதும் சேரும் இடம் லேசாக இழுத்தாலே முறியும். வெட்டிவிடலாமா, வளரவிட்டுப் பிறகு வெட்டலாமா என்று அவளிடமே கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.

எப்படி நல்ல சலூன் பார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரமாக இவை மட்டும். டப்பாவைக் கையில் வாங்கிப் படியுங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு, கால்சியம் ஹைட்ராக்சைடு, தயோகிளைகோலேட் என்று ஏதாவது கண்ணில் பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பெயர் ஒட்டாத டப்பா என்றாலும் அதேதான். பிள்ளை எரியுது என்றால் அந்த நொடியே கழுவச் சொல்லுங்கள். கார்ட் மெஷின் பழுது, கணக்குக்கு அனுப்புங்கள் என்றால் அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 100 பவுண்ஸுக்கு மேற்பட்ட தொகை என்பதால் கார்ட் நிறுவனத்திடமே கேட்டிருக்கலாம். இப்போது 185 பவுண்ஸுக்கு அந்தச் சலூனின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை போகிறேன், மச்சாளும் வருகிறாள்.