பழைய எச்61 டெஸ்க்டாப்புக்கு எந்த எஸ்எஸ்டி பொருந்தும்? மூன்று வகைகள், ஓர் ஒப்பீடு

இன்டெலின் எச்61 சிப்செட் (போர்டின் பாகங்களை இணைத்து இயக்கும் சில்லு) கொண்ட மதர்போர்டுகள் 2011-இல் சந்தைக்கு வந்தவை. அவற்றில் பெரும் எண்ணிக்கையிலானவை இன்னும் சிறு அலுவலகங்களிலும் டிடிபி மையங்களிலும் வீடுகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை ஐ3 செயலி, 4 அல்லது 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் என்பதே இவற்றின் வழக்கமான அமைப்பு. கணக்கு எழுதுவதற்கும் தட்டச்சுக்கும் இணையப் பணிகளுக்கும் அந்தச் செயலி இன்றும் போதும்; ஆளைக் காத்திருக்க வைப்பது ஹார்ட் டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் வட்டு) போட முடிவெடுத்தவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: டிராம் (வேகமான சிறு தற்காலிக நினைவகம்) உள்ள 2.5 அங்குல சாட்டா (வட்டைக் கேபிளால் போர்டோடு இணைக்கும் முறை) எஸ்எஸ்டி, டிராம் இல்லாத மலிவான சாட்டா எஸ்எஸ்டி, அடாப்டர் கார்டில் பொருத்தும் என்விஎம்இ (சாட்டாவை விட வேகமான புதிய முறை) எஸ்எஸ்டி. புதிய கணினிக்கு எது சிறந்ததோ அதுவே பழையதற்கும் சிறந்தது என்று எண்ணித்தான் பலரும் தேவையற்ற இடத்தில் பணத்தைச் செலவிடுகிறார்கள் என்பதால், எச்61 போர்டை முன்வைத்தே இம்மூன்றையும் ஒப்பிடுகிறேன்.

எஸ்எஸ்டியின் பெட்டியைப் பார்ப்பதற்கு முன் போர்டின் சாட்டா போர்ட்டைப் பார்க்க வேண்டும். சாட்டாவின் மூன்று தலைமுறைகள் முறையே விநாடிக்கு 1.5, 3, 6 கிகாபிட் வேகம் கொண்டவை. ஒவ்வொரு 8 பிட் தரவும் 10 பிட்டாக மாற்றி அனுப்பப்படுவதால், பைட் கணக்கில் இவை அதிகபட்சம் 150, 300, 600 மெகாபைட். எச்61 சிப்செட் தரும் நான்கு போர்ட்களும் 3 கிகாபிட் போர்ட்கள்தான். எச்67, கியூ67, கியூ77 ஆகியவற்றில் இரண்டு போர்ட்கள் 6 கிகாபிட். அடுத்து வந்த எச்81-இல் இரண்டு, பி85-இல் நான்கு. போர்ட்டின் நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஏனெனில் நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். போர்டின் மேல் போர்ட்டை ஒட்டி அச்சிட்டிருப்பதையோ கையேட்டையோதான் நம்ப வேண்டும். எச்67, பி67 போர்டு வைத்திருப்பவர்கள் 6 கிகாபிட் போர்ட்டையே தேர்ந்தெடுக்க வேகம் தவிர இன்னொரு காரணமும் உண்டு: 2011 ஜனவரி இறுதியில் இன்டெல் ஒப்புக்கொண்ட வடிவமைப்புக் குறை, முதல் தொகுதி சிப்செட்களின் 3 கிகாபிட் போர்ட்களை மட்டுமே நாளடைவில் பாதிக்கக்கூடியதாக இருந்தது.

560 மெகாபைட் வேகம் என்று அச்சிட்ட எஸ்எஸ்டியை எச்61-இல் செருகினால் நடைமுறையில் 270, 280 மெகாபைட் அளவிலேயே நின்றுவிடும். இதைக் கேட்டதும் பாதிப் பணம் வீண் என்று தோன்றலாம். அது சரியான கணக்கு அன்று. விண்டோஸ் தொடங்கும்போதும் ஒரு மென்பொருள் திறக்கும்போதும் நடப்பது ஒரே பெரிய கோப்பின் வாசிப்பு அன்று, வட்டு முழுவதும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளின் வாசிப்பு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு அரைச்சுற்றுச் சுழலவே 4.17 மில்லிவிநாடி ஆகிறது. அதன் முனை இடம் நகரும் நேரத்தையும் சேர்த்தால் விநாடிக்கு ஏறத்தாழ 80 துண்டுகளுக்கு மேல் அதனால் எடுத்துத் தர முடிவதில்லை. சாம்சங் 870 ஈவோ, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கப்படும் 4 கேபி துண்டுகளை விநாடிக்கு 13,000 வரை வாசிக்கும் என்று அதன் தயாரிப்பாளர் தரும் விவரக்குறிப்பு சொல்கிறது. அதைப் பெருக்கிப் பார்த்தால் கிடைப்பது ஏறக்குறைய 53 மெகாபைட். 300 மெகாபைட் போர்ட் அதற்குத் தடையே இல்லை. ஆகவே எச்61 உரிமையாளர் இழப்பது பெரிய கோப்புகளை நகலெடுக்கும் வேகத்தை மட்டுமே, அன்றாடம் உணரும் சுறுசுறுப்பை அன்று.

பெட்டியின் மேலுள்ள 500, 540, 560 என்ற எண்கள் இங்கே பொருளிழந்துவிடுவதால், சாட்டா எஸ்எஸ்டிகளை வேறுபடுத்துவது உள்ளே இருக்கும் டிராம்தான். எந்தத் தரவு எந்த நினைவகச் செல்லில் இருக்கிறது என்ற வரைபடத்தை எஸ்எஸ்டியை இயக்கும் சில்லான கன்ட்ரோலர் இடைவிடாமல் புரட்டிக்கொண்டிருக்கிறது. டிராம் இருந்தால் அந்த வரைபடம் முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இல்லையென்றால் அதன் பெரும்பகுதியை மெதுவான ஃபிளாஷ் நினைவகத்திலிருந்தே மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டும். டிராம் இல்லாத என்விஎம்இ எஸ்எஸ்டிகள் கணினியின் ராமில் சிறிதளவைக் கடன் வாங்கி இந்தக் குறையை ஈடுசெய்துகொள்கின்றன. சாட்டாவில் அந்த வசதி கிடையாது. என்விஎம்இயில் டிராம் இல்லாவிட்டால் பாதகமில்லை என்று படித்ததைச் சாட்டாவுக்கும் பொருத்திப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

டிராம் உள்ளவற்றில் நன்கு அறியப்பட்டவை சாம்சங் 870 ஈவோவும் குரூஷியல் எம்எக்ஸ்500-உம். இரண்டும் செல்லுக்கு 3 பிட் வைக்கும் டிஎல்சி வகை, இரண்டுக்கும் 5 ஆண்டு உத்தரவாதம். 500 ஜிபி அளவில் 870 ஈவோவுக்கு 300 டெராபைட், எம்எக்ஸ்500-க்கு 180 டெராபைட் எழுதும் வரை அந்த உத்தரவாதம் செல்லும். எண்ணில் சாம்சங் முந்தினாலும், யூபிஎஸ் இல்லாமல் கணினி ஓட்டும் இடத்துக்கு எம்எக்ஸ்500 மேல் என்பது என் கருத்து. திடீரென மின்சாரம் போனால் ஏற்கெனவே எழுதப்பட்ட தரவு கெடாதபடி காக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. ஆனால் குரூஷியல் பெயரில் நுகர்வோர் பொருள்கள் விற்பதை நிறுத்துவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. உத்தரவாதச் சேவை தொடரும் என்று அது சொல்லியிருந்தாலும், கடையில் மிஞ்சியிருக்கும் சரக்கை வாங்குபவர் ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மலிவு வரிசையில் கிங்ஸ்டன் ஏ400, குரூஷியல் பிஎக்ஸ்500, டபிள்யூடி கிரீன் ஆகியவை வருகின்றன. மூன்றிலும் டிராம் இல்லை, மூன்றுக்கும் 3 ஆண்டு உத்தரவாதம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறுபவருக்கு முதல் நாள் இவையும் வியப்பூட்டும். வேறுபாடு நாள்பட வட்டு நிரம்பும்போதுதான் வெளிப்படும். எழுத வரும் தரவை இவை முதலில் வேகமான தற்காலிகப் பகுதியில் வாங்கிக்கொள்கின்றன, வட்டு நிரம்ப நிரம்ப அந்தப் பகுதி சுருங்குகிறது, பிறகு 40 ஜிபி வீடியோவை நகலெடுத்தால் நடுவழியில் வேகம் சரிகிறது. செல்லுக்கு 4 பிட் வைக்கும் கியூஎல்சி வகையில் இது இன்னும் கடுமை: சாம்சங் 870 கியூவோவின் 1 டிபி மாடல், தற்காலிகப் பகுதியின் 42 ஜிபி தீர்ந்ததும் விநாடிக்கு 80 மெகாபைட்டுக்கு இறங்கிவிடும். அது நல்ல ஹார்ட் டிஸ்க் ஒன்றின் தொடர் எழுதுவேகத்தை விடக் குறைவு.

ஆயுளைப் பற்றிய அச்சம் மட்டும் அளவுக்கு மீறியது. ஏ400-இன் 480 ஜிபி மாடலுக்கு 160 டெராபைட் என்பது கணக்கு. நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதும் அலுவலகக் கணினிகூட ஆண்டுக்கு 7.3 டெராபைட்டையே எட்டும். 160-ஐத் தொட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். டெராபைட் எண்ணைப் பார்த்து விலையுயர்ந்ததை வாங்கத் தேவையில்லை. உத்தரவாத ஆண்டுகளைப் பார்த்து வாங்கலாம்.

என்விஎம்இயைப் பொறுத்தவரை, எச்61 போர்டில் அதை நேரடியாகச் செருகும் எம்.2 இடமே கிடையாது. கூடுதல் கார்டுகளுக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் இடத்தில் அடாப்டர் கார்டு செருகித்தான் பொருத்த வேண்டும். சிப்செட் தரும் சிறிய இடம் பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறையின் ஒற்றைத் தடம் (தரவு செல்லும் பாதை), விநாடிக்கு 500 மெகாபைட்டே அதன் எல்லை. முழு வேகம் வேண்டுமானால் கிராபிக்ஸ் கார்டுக்கான நீண்ட இடத்தைத்தான் கொடுக்க வேண்டும்; அங்கே நான்கு தடங்கள் கிடைத்து, இரண்டாம் தலைமுறைச் செயலியிலும் 2,000 மெகாபைட் வரை எட்டலாம். உண்மையான சிக்கல் வேகம் அன்று, பூட் ஆவது. என்விஎம்இ விவரக்குறிப்பின் முதல் பதிப்பே 2011 மார்ச்சில்தான் வெளியானது; அதே காலத்துப் பயாஸுக்கு (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டில் பதிந்த மென்பொருள்) என்விஎம்இயிலிருந்து கணினியைத் தொடங்கத் தெரியாது. க்ளோவர் போன்ற பூட்லோடரை (கணினியைத் தொடங்க உதவும் மென்பொருள்) பென் டிரைவில் வைத்துத் தொடங்குவதும், பயாஸில் என்விஎம்இ நிரலைச் சேர்த்து மீண்டும் பதிவதும் இயலும். ஆனால் பயாஸ் பதிவு பாதியில் நின்றால் போர்டே எழுந்திருக்காது. தானாகப் பூட் ஆகும் நிரலைத் தன்னுள்ளேயே கொண்ட சாம்சங் 950 புரோ 2015-இல் வந்த விதிவிலக்கு, இன்று அதைப் பழைய சரக்காகத்தான் தேட வேண்டும். வீடியோ தொகுப்பவர் இரண்டாவது வட்டாக என்விஎம்இ வைத்துக்கொண்டால் அதில் நியாயம் இருக்கிறது. அடுத்தவர் பயன்படுத்தப்போகும் அலுவலகக் கணினியைப் பென் டிரைவை நம்பிப் பூட் ஆகும்படி விட்டுவருவதை நான் ஏற்கமாட்டேன்.

ஏஎம்டி போர்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஏஎம்டி சிப்செட்களின் சாட்டா கன்ட்ரோலருடன் சாம்சங் 860, 870 வரிசைகள் ஒத்துப்போகாமல் பிழைகள் எழுந்ததால், அந்தச் சேர்க்கையில் கட்டளைகளை வரிசைப்படுத்தும் வசதியையே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 2021-இல் முடக்கிவிட்டது. அத்தகைய போர்டில் லினக்ஸ் நிறுவ எண்ணுபவர் வேறு நிறுவனத்தின் எஸ்எஸ்டியை எடுப்பது நல்லது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததாலும், இந்தத் தலைமுறைச் செயலிகள் விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லாததாலும், லினக்ஸுக்கு மாறுவோர் எண்ணத்தில் இது இருக்க வேண்டும்.

எதை வாங்கினாலும் பொருத்துவதற்கு முன் பயாஸில் சாட்டா முறை ஐடிஇ (பழைய முறை) என்று இருக்கிறதா, ஏஎச்சிஐ (எஸ்எஸ்டிக்கு ஏற்ற புதிய முறை) என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐடிஇ முறையில் நிறுவிய விண்டோஸை வைத்துக்கொண்டு பயாஸில் மட்டும் மாற்றினால் நீலத்திரைதான் வரும். விண்டோஸ் 10-இல் முதலில் சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்து, மறுதொடக்கத்தின்போது ஏஎச்சிஐக்கு மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் நுழைந்து திரும்பினால் போதும். எக்ஸ்பி காலத்தில் பிரித்த வட்டை அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் (முழு நகல்) செய்வதைத் தவிர்த்துப் புதிதாக நிறுவுவதே நலம். எக்ஸ்பி முதல் பகுதியை 63-ஆம் செக்டரில் (வட்டின் சிறு துண்டு) தொடங்கும், அது எஸ்எஸ்டியின் 4 கேபி எல்லையோடு ஒத்துவராது. மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா மின்முனை போதாமல் பழைய வகை மின்முனையான மோலெக்ஸிலிருந்து மாற்றும் வயர் வாங்குவோர், முனை முழுவதும் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டதைத் தவிர்க்க வேண்டும்; உள்ளே வயர்கள் தொட்டுக்கொண்டு கருகுவது அந்த வகையில்தான்.

ஆக எச்61-இல் விண்டோஸ் அல்லது லினக்ஸ் நிறுவும் முதன்மை வட்டாக, டிராம் உள்ள 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியையே பரிந்துரைக்கிறேன். இந்தக் கணினி ஓய்வுபெற்றாலும் அது அடுத்த கணினியின் சாட்டா போர்ட்டில் 560 மெகாபைட் வேகத்தில் உழைக்கும். ராம் 4 ஜிபிதான் என்றால் கணக்கு மாறுகிறது: ஏ400 போன்ற மலிவான ஒன்றை எடுத்து, மிஞ்சும் பணத்தில் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ராம் போடுவது அன்றாட வேலைக்குக் கூடுதல் பலன் தரும். ஜி41 போன்ற இன்னும் பழைய போர்டுக்கு மலிவானதே போதும். அதில் ஏஎச்சிஐயே கிடையாது.

பொருத்தியதும் வட்டின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்து, பரிமாற்ற முறை என்ற கட்டத்தைப் பாருங்கள். எச்61-இல் "சாட்டா/300 | சாட்டா/600" என்று இருந்தால் எல்லாம் சரி; முதலாவது இப்போது ஓடும் முறை, இரண்டாவது எஸ்எஸ்டியால் இயன்றது. முதல் எண் 150 என்று காட்டினால் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். போலிச் சரக்குகள் புழங்குவதால், கடைக்காரர் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் கொள்ளளவு முழுவதையும் ஒருமுறை எழுதி வாசித்துச் சரிபார்த்துவிட்டு, சீரியல் எண்ணையும் தயாரிப்பாளரின் தளத்தில் உள்ளிட்டு உத்தரவாதம் செல்லுபடியாகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.