இணைப்புக்கு மானியமா, யூனிட்டுக்கு மானியமா?

மின்சார மானியம் என்றதும் நம்மூரில் 100 யூனிட்தான் ஞாபகம் வரும். ஆனால் கம்பியே வராத வீட்டுக்கு இலவச யூனிட்டால் என்ன பயன்?

2017 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய சௌபாக்யா திட்டம் இணைப்புக்கே மானியம் தந்தது. 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில் ஏழை என்று அடையாளம் காணப்பட்ட குடும்பங்களுக்கு இணைப்பு இலவசமாகக் கிடைத்தது. மற்றவர்கள் 500 ரூபாயை 10 தவணையாக பில்லோடு சேர்த்துக் கட்ட முடிந்தது. இந்தத் தவணை ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. சின்னச் சின்ன பில்லைக் கட்டிவிடுகிற கூலிக் குடும்பம்கூட, மொத்தப் பணத்தை ஒரே நாளில் எடுத்து வைக்கத் திணறும். அரசுக்கும் செலவு ஒருமுறையோடு முடிகிறது. அப்புறம் வருகிற பில்லை யார் கட்டுவது என்பதற்கு இதில் பதில் இல்லை.

தமிழ்நாட்டில் 2016 முதல் எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஏழைக்கு நிம்மதி, சரி. ஏசி ஓடும் பங்களாவுக்கும் அதே 100தானே? மாடிக்கு ஒரு மீட்டர் வைத்திருப்பவருக்கு ஒவ்வொன்றுக்கும் 100 கிடைக்கும். ஒரே மீட்டரில் நாலு குடித்தனம் இருந்தால், நாலு பேரும் அந்த 100ஐப் பங்கு போட வேண்டும். போதாததற்கு, கூட்டுப் பயன்பாடு மேல் ஸ்லாபுக்குப் போய் யூனிட் விலையும் ஏறும்.

கம்பி போகாத ஊரில் என் ஓட்டு முதலாவதற்கு. கம்பி போய்விட்ட இடத்தில் இரண்டாவது தேவைதான். ஆனால் அதிகம் எரிப்பவருக்கு அந்த 100ஐ நிறுத்திவிடலாம்.