அக்ரிலிக் நகம்: பதம் பிடிபட ஓராண்டு ஆனது

இரண்டு ஆண்டுகளாக என் நகங்களுக்கு நானே அக்ரிலிக் வைத்துக்கொள்கிறேன், அதாவது பவுடரையும் திரவத்தையும் பிரஷ் நுனியில் சிறு உருண்டையாகக் கலந்து நகத்தின் மேல் இறுக விடுகிறேன். ஆயத்த நகத்தை ஒட்டும் முறை அல்ல. விரல் நுனிக்கு அடியில் ஃபார்ம் என்னும் காகித அச்சைப் பொருத்தி, அதன் மேல் நகத்தைப் புதிதாக வடித்தெடுக்கும் முறை. இன்று நான் வைக்கும் நகம் மூன்று வாரம் அசையாமல் நிற்கிறது. முதல் ஆண்டில் நான்கு நாள்கூட நின்றதில்லை. நகக்கண் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும், மறுநாள் தலைமுடி அதில் மாட்டும், அதற்கடுத்த நாள் நகம் பெயர்ந்துவிடும்.

பெயர்வதற்குக் காரணம் பிரைமர்தான், அதாவது அக்ரிலிக் நகத்தோடு ஒட்ட முதலில் தடவும் திரவம்தான் என்று அப்போது உறுதியாக நம்பினேன். வேறு பிரைமர் வாங்கினேன். நகத்தின் ஈரத்தை உலர்த்தும் டிஹைட்ரேட்டரை இரண்டு முறை தடவினேன். போதாதென்று நகத்தின் மேற்பரப்பை இன்னும் அழுத்தி ஃபைல் செய்தேன். என் தங்கையின் விரலில் பழகிக்கொண்டிருந்த ஒரு நாள், பிரைமர் பட்டதும் அவள் கையை இழுத்துக்கொண்டு, “அக்கா, எரிகிறது” என்றாள். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். ஃபைல் செய்த இடத்தில் நகம் மெலிந்து, அடியில் இருந்த சதையின் சிவப்பு தெரிந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. நகத்தின் மேலுள்ள மினுமினுப்பு மட்டும் போனால் போதும், 180 கிரிட் ஃபைலால் லேசாக வருடினாலே அது போய்விடும். பெயர்தலுக்கு மருந்து ஃபைலில் இல்லை என்று அன்று நிறுத்தினேன்.

உண்மையான காரணம் கலவை. என் உருண்டையில் ஈரம் அதிகமாக இருந்தது.

பவுடரில் பென்சாயில் பெராக்சைடு இருக்கிறது. எத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் திரவ மோனோமரில் அமீன் சேர்மம் ஒன்று இருக்கிறது. இரண்டும் சந்தித்ததும் மோனோமர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சங்கிலியாக நீள்கின்றன. நாம் “காய்கிறது” என்று சொல்வது உண்மையில் இந்தக் கோப்புதான். திரவம் அளவுக்கு மீறினால் சங்கிலியில் சேராத மோனோமர் உள்ளே தங்கிவிடும். கலவை தோல்வரை வழியும், இறுகும்போது அதிகம் சுருங்கி ஓரத்தில் பிடியை விடும். திரவம் குறைந்தாலோ பவுடர் முழுதாக நனையாமல் வெண்திட்டுகள் நிற்கும், நகம் ஒட்டாது, தட்டினால் முறியும். பொதுவாகச் சொல்லப்படும் அளவு, ஒரு பங்கு பவுடருக்கு ஒன்றரைப் பங்கு திரவம். ஆனால் பிரஷ் நுனியில் பங்கை யார் அளப்பது? கண்தான் அளக்க வேண்டும்.

இப்போது நான் செய்வது இது. பிரஷை மோனோமரில் முழுதாக முக்கி, உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ் வெளியேறும்வரை அடியில் மெல்ல அழுத்துகிறேன். பிறகு கிண்ணத்தின் விளிம்பில் இரு பக்கமும் ஒருமுறை வழித்துவிடுகிறேன். நுனியைப் பவுடரின் மேற்பரப்பில் வைத்துச் சிறு கோடாக இழுத்தால் உருண்டை திரண்டு வரும். அங்கேயே இரண்டு மூன்று விநாடி பொறுக்கிறேன். முதலில் அதன் தோல் மணல் ஒட்டியதுபோலச் சொரசொரப்பாக இருக்கும். திரவம் உள்ளிருந்து ஏறி வர வர வழுவழுப்பாகி, மங்கலான பளபளப்பு வரும். நகத்தில் வைத்ததும் அது மேடாகவே நின்று, ஓரம் மட்டும் சோம்பலாகத் தளர வேண்டும். உருண்டையைச் சுற்றி நீர் வளையம் தெரிந்தால் ஈரம் அதிகம். தயங்காமல் துடைத்துவிட்டு மறுபடி எடுக்கிறேன். வைத்த இடத்தில் அசையாமல் பொருக்காக நின்றால் வறண்டுவிட்டது என்று பொருள். இந்தப் பதத்தைக் கண்ணில் ஏற்றிக்கொள்ள, நகத்தை விட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் தாளில் வரிசையாக உருண்டை வைத்துப் பழகினேன். நாளுக்கு முப்பது, நாற்பது. எனக்குப் பெரிதும் உதவியது அந்தப் பயிற்சிதான்.

பிரஷின் அளவும் பதத்தை மாற்றும் என்பது பின்னால்தான் புரிந்தது. 8-ஆம் எண்ணில் பழகிய கையோடு 12-ஆம் எண் கொலின்ஸ்கி (ஒரு விலங்கின் முடியால் செய்தது) பிரஷ் வாங்கினேன். பெரிய வயிறு, அதே அழுத்தத்தில் வழித்தாலும் இரு மடங்கு திரவத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஒரு வாரம் எல்லாம் வழிந்தது. அறையின் வெப்பமும் அப்படியே. குளிரில் இறுகுவதற்கு நேரமாகும், சில சமயம் பனிப்பூப்போல வெண்கோடுகள் படரும். வெப்பத்தில் சமன் செய்வதற்குள் கெட்டியாகிவிடும். ஒரு நிறுவனத்தின் பவுடரையும் இன்னொன்றின் திரவத்தையும் சேர்த்துப் பார்த்ததும் உண்டு. இரண்டும் நல்ல பொருள்கள், ஆனால் பெராக்சைடின் அளவு திரவத்துக்குப் பொருந்தாததால் என்று நினைக்கிறேன், மறுநாளும் நகத்தில் ஒரு தொய்வு இருந்தது. அதன்பின் இரண்டையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில்தான் வாங்குகிறேன். கிண்ணத்தில் மிஞ்சிய மோனோமரை மறுபடி புட்டியில் ஊற்றுவதும் இல்லை. அதில் விழுந்த பவுடர் புட்டி முழுவதையும் கெடுத்துவிடும்.

வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று உருண்டை: முதலாவது ஃபார்மின் மேல் நீளத்துக்கு, இரண்டாவது நகமும் நீட்சியும் சந்திக்கும் இடத்தில் மேடாக, மூன்றாவது சிறியதாக நகக்கண் பக்கம், தோலைத் தொடாமல். அந்த மேடுதான் அபெக்ஸ், பாரத்தைத் தாங்குவது அதுதான். நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்வதால் அபெக்ஸும் முன்னே நகர்ந்துவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடைவெளியை நிரப்பும்போது மேட்டைப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

தோலைத் தொடாமல் என்று எழுதினேன் அல்லவா, அதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னோடு பழகத் தொடங்கிய தோழிக்கு ஆறு மாதத்தில் விரல் நுனிகள் சிவந்து, நீர்க் கொப்புளம் கட்டின. மெத்தாக்ரிலேட் ஒவ்வாமை என்று தோல் மருத்துவர் சொன்னார். அவளும் என்னைப்போல ஈரக் கலவைக்காரி. இறுகாத மோனோமர் தோலில் திரும்பத் திரும்பப் படுவதுதான் இதற்கு வழி திறக்கிறது, ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இருக்கும். அவளுக்கு இப்போது ஜெல் பாலிஷ்கூட ஒத்துக்கொள்வதில்லை. பல் சிகிச்சைக்குப் போகும்போதும் மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்கிறாள், ஏனென்றால் அங்கேயும் இதே குடும்பத்துப் பொருள்கள்தான் பயன்படுகின்றன. புதிதாக வைத்த நகத்தை ஃபைல் செய்யும்போது எழும் தூசியிலும் இறுகாத மோனோமர் இருக்கும் என்பதால் முகக்கவசம் போடுகிறேன், சன்னலைத் திறந்து வைக்கிறேன், தூசியை ஈரத்துணியால் உடனே துடைக்கிறேன்.

வாங்குகிறவர்கள் புட்டியில் எத்தில் மெத்தாக்ரிலேட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். மெத்தில் மெத்தாக்ரிலேட் கலந்த திரவத்தின் மேல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1970களிலேயே நடவடிக்கை எடுத்தது. அந்த நகம் மிகக் கடினமாக இறுகும், அசிட்டோனில் எளிதில் கரையாது. எங்காவது இடித்தால் அது உடையாமல் உங்கள் நகத்தைப் பெயர்த்துக்கொண்டு போகும். எத்தில் வகை என்றால் அரை மணி நேரம் அசிட்டோனில் ஊறவைத்தால் இளகி வரும், சுரண்டத் தேவையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வைத்த நகங்களில் இடது கை ஐந்தும் நான் விரும்பியபடி வந்திருக்கின்றன. வலது கைக்கு இடது கையால் வைப்பதால் கட்டைவிரலின் பக்கச்சுவர் இன்னும் சற்றுத் தடித்தே நிற்கிறது. ஃபார்மைக் கொஞ்சம் கீழே சாய்த்துப் பொருத்தினால் சரியாகும் என்று தோன்றுகிறது. அடுத்த முறை அதைத்தான் செய்து பார்க்கப்போகிறேன்.